நோஸ்டாக் கோந்து படிகாரத்தில் கட்டுவது உலோகத்தாலா, வேறு காரணத்தாலா?

சிப்புட்_லேப் கேட்டது:

வணக்கம். இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட். மழைக்குப் பிறகு பள்ளித் திடலில் உப்பி நிற்கும் நோஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து கோந்து எடுத்து, அதை உலோக அயனியால் ஜெல் ஆக்குவது படிவம் 6 மாணவர்களின் ஆய்வு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாயிற்று: பாசிமணி கோத்த மாதிரி சங்கிலி, இடையிடையே கொஞ்சம் பெரிய, வெளிறிய செல். நோஸ்டாக்தான்.

செய்தது இவ்வளவு. கழுவிய நோஸ்டாக் 200 கிராம் (ஈர எடை), 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1 லிட்டர், 95 டிகிரியில் 4 மணி நேரம். துணியில் வடிகட்டி ஆறவைத்தோம். ஊசி இல்லாத சிரிஞ்சில் அந்தச் சாற்றை அப்படியே எடுத்து மூன்று கிண்ணங்களில் சொட்டவிட்டோம். ஒவ்வொன்றிலும் 100 மி.லி. தண்ணீர்: ஒன்றில் பொட்டாஷ் படிகாரம் 2.4 கிராம், இன்னொன்றில் கால்சியம் குளோரைடு (இருநீர்) 1.5 கிராம், மூன்றாவதில் ஃபெரிக் குளோரைடு (அறுநீர்) 1.4 கிராம்.

படிகாரத்தில் வெள்ளை உருண்டை வந்தது. மேலே தோல், கிள்ளினால் உள்ளே சளி. மறுநாள் பார்த்தால் மாவாக உதிர்ந்து அடியில் கிடந்தது. கால்சியத்தில் உருண்டையே இல்லை, அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கல். ஃபெரிக்கில் செங்கல் நிறத்தில் கட்டிகள்.

"மூன்று மின்னூட்டம் உள்ள அயனி ஜெல் ஆக்கும், இரண்டு உள்ளது ஆக்காது" என்று மாணவர்கள் முடிவு எழுதிவிட்டார்கள். அந்த வெள்ளை உருண்டை உதிர்ந்த விதத்தைப் பார்த்தபின் அதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. இது உலோகம் பின்னிய ஜெல்தானா? இல்லையென்றால், பள்ளி லேபில் இருக்கும் பொருளை வைத்தே அதை நிரூபிக்க வழி உண்டா?


ஈப்போ_கரைசல் எழுதியது:

டீச்சர், கையெழுத்துப் போடாதீங்க. நீங்க எழுதியதில் ஒரு படி காணோம்: சாற்றை நடுநிலை ஆக்கவே இல்லை. அந்தச் சாறு பி.எச். 12க்கு மேலேயே இருந்திருக்கும். படிகாரக் கரைசல் பி.எச். 3.3 பக்கம். சொட்டு உள்ளே விழுந்ததும் அதன் மேல்பரப்பில் என்ன நடக்கும்? படிகாரத்தில் உள்ள அலுமினியம், பி.எச். 4, 4.5க்கு மேல் போனாலே ஹைட்ராக்சைடாக வெளியே வந்துவிடும். வெள்ளையாக, கொழகொழவென்று, பார்க்க ஜெல் மாதிரியே இருக்கும். கோந்து ஒரு துளிகூட இல்லாமல் வெறும் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டவிட்டாலும் அதே வெள்ளைத் தோல் வரும். உள்ளே சளியாகவே இருந்ததும் அதனால்தான்: சொட்டில் இருந்த காரம் அலுமினியத்தைத் தோலிலேயே பிடித்து நிறுத்திவிட்டது, உள்ளே போக விடவில்லை.

ஃபெரிக்கும் இதே கதைதான், இன்னும் மோசம். இரும்பு பி.எச். 3 தாண்டுவதற்கு முன்பே ஹைட்ராக்சைடாகத் தொடங்கிவிடும். செங்கல் நிறம் அதுதான். கால்சியத்தில் வந்த கலங்கல் கால்சியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் (சூடான காரம் நாலு மணி நேரம் காற்றில் இருந்தால் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும்). ஆக, மூன்று கிண்ணத்திலும் கோந்துக்கு வேலையே வரவில்லை. மின்னூட்டம் மூன்றா இரண்டா என்பதை இந்தச் சோதனை கேட்கவே இல்லை.

இப்போது நிரூபிக்கும் வழி. சாற்றை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 7க்குக் கொண்டுவந்தபின், ஐந்து கிண்ணம் வையுங்க.

முதல் கிண்ணம் படிகாரம், உங்க அளவேதான் (அது 0.05 மோலார், சரியான அளவு). இரண்டாவது, உலோகமே இல்லாத அமிலம்: 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 4 மி.லி. எடுத்து 1 லிட்டர் ஆக்கினால் பி.எச். 3.4. இதில் சொட்டவிடும் சாறு 5 மி.லி.யைத் தாண்டக்கூடாது, இல்லாவிட்டால் கோந்தே அமிலத்தைக் குடித்து பி.எச். ஏறிவிடும். மூன்றாவது, சங்கிலிகளைப் பின்னும் உலோகமும் இல்லை, அமிலமும் இல்லை, வெறும் உப்பு: சோடியம் குளோரைடு 100 மி.லி.க்கு 2.6 கிராம். 0.05 மோலார் படிகாரத்தின் அயனிச் செறிவுக்கு இது ஈடு. நாலாவது, படிகாரக் கரைசலில் கோந்து இல்லாத தண்ணீர், அதுவும் பி.எச். 7இல், உங்க சாற்றில் இருக்கிற அளவு உப்போடு. ஐந்தாவது, கால்சியம் குளோரைடு கிண்ணத்தில் 1.5 சதவீத சோடியம் ஆல்ஜினேட் (கால்சியத்தில் மணி கட்டும் என்று தெரிந்த கடற்பாசிக் கோந்து). ஆல்ஜினேட் மணி உருளவில்லை என்றால் தப்பு உங்க கரைசலில், நோஸ்டாக்கைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது கிண்ணத்தை யாரும் வைப்பதில்லை, அதுதான் ரொம்ப முக்கியம். கோந்தின் கார்பாக்சில் தொகுதிகள் பி.எச். 3 அல்லது 3.5 பக்கம் புரோட்டானைப் பிடித்து மின்னூட்டத்தை இழக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த சங்கிலிகள் தள்ளுவதை விட்டுவிட்டு ஒட்டிக்கொள்ளும். அதுவும் கட்டிதான், ஆனால் அலுமினியத்துக்கு அதில் பங்கு இல்லை. படிகாரமும் ஃபெரிக்கும் இயல்பிலேயே அமிலக் கரைசல், அதனால் இந்த ஏமாற்று எப்போதும் பக்கத்திலேயே நிற்கும்.

கையில் ஒரு கட்டி கிடைத்தபின் அது எந்த வகை என்று பிரிக்க:

சமையல் வினிகரை (5 சதவீதம்) பத்து மடங்கு நீர்த்து, கட்டியை அரை மணி நேரம் போடுங்க. புதிதாக வந்த ஹைட்ராக்சைடு கரைந்து தெளியும். கார்பனேட் நுரைக்கும். உலோகம் பின்னிய ஜெல் கொஞ்சம் சுருங்கலாம், ஆனால் உருவம் நிற்கும். வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பி.எச். 3.5இல் இந்த வேலைக்குப் போதாது, அதில் இருக்கும் அமிலத்தின் மொத்த அளவு மிகக் குறைவு.

வினிகரில் நின்றதை எடுத்து, டிரைசோடியம் சிட்ரேட் 100 மி.லி.க்கு 2.9 கிராம் கரைத்த தண்ணீரில் போடுங்க. உலோக ஜெல் என்றால் சிட்ரேட் அலுமினியத்தைக் கழற்றிக்கொள்ளும், மணி உப்பி, ஓரம் மங்கி, கடைசியில் கரையும். கூடவே இன்னொரு மணியைச் சமையல் சோடா 0.5 சதவீதக் கரைசலில் போடுங்க. அமிலத்தால் கட்டியது இதிலேயே இளகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. "இ.டி.டி.ஏ.யில் கரைந்தது, அதனால் உலோக ஜெல்" என்று மட்டும் எழுதினால் தேர்வாளர் விடமாட்டார். இ.டி.டி.ஏ.யும் சிட்ரேட் மாதிரி உலோகத்தைக் கழற்றும் பொருள்தான், ஹைட்ராக்சைடும் அதில் கரையும். வினிகரில் நின்று, சிட்ரேட்டில் கரைந்து, உலோகம் இல்லாத அமிலத்தில் உருவாகவே இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சு.


தோட்டத்து_வேதியியல் எழுதியது:

மேலே அண்ணன் சொன்ன இரண்டாவது கிண்ணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க, கித்தாப்பாலை (ரப்பர் பாலை) விட நல்ல உதாரணம் கிடையாது. தோட்டத்து ஸ்டோரில் பாலில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் கட்டுதே, அதில் எந்த உலோகமும் இல்லை. பால் துகள்களின் மேல் இருக்கும் எதிர்மின்னூட்டத்தை அமிலம் அணைத்துவிடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. கட்டாமல் வைத்திருக்க அமோனியா ஊற்றுவதும் அதே கணக்கின் மறுபக்கம். வீட்டில் தாத்தா பாட்டி பால் வெட்டியவர்கள் என்றால் இது உடனே புரியும்.

உலோகத்தால் கெடுகிற பாலும் உண்டு. மக்னீசியம் அதிகமாக இருக்கும் பால் நிலைத்து நிற்காது, அதனால்தான் டை அமோனியம் பாஸ்பேட் போட்டு மக்னீசியத்தைச் சகதியாக இறக்கி எடுக்கிறார்கள். அமிலத்தால் கட்டுவது, உலோகத்தால் கட்டுவது, இரண்டும் ஒரே ஸ்டோரில் பார்க்கக் கிடைக்கும்.

இன்னொன்று, டீச்சர். நோஸ்டாக்கைத் தோட்டத்து ஓரத்தில், மருந்து அடித்த வரிசையில் எடுக்க வேண்டாம். களைக்கொல்லி கிளைபோசேட் இரும்பையும் அலுமினியத்தையும் தானே பிடித்துக்கொள்ளும் பொருள். உங்க கணக்கில் அது எங்கே போய் ஒளியும் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பள்ளித் திடல், சபை கூடும் சிமெண்டுத் தளத்தின் ஓரம், அங்கேயே எடுங்க. சிமெண்டு ஓரத்தில் எடுத்ததில் கால்சியம் கூடுதலாக இருக்கும், அதைத் தனிக் குப்பியில் வையுங்க.


நுண்பாசி எழுதியது:

பி.எச். விஷயம் தீர்ந்தது. எனக்குக் கவலை கோந்து எடுத்த முறை பற்றி.

அந்த முறை, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் நாலு மணி நேரம், ஜப்பானின் சுய்சென்ஜி நோரிக்குப் பழக்கமான முறை. அதன் பெயர் அஃபனோதேசி சாக்ரம், கியூஷூ தீவின் ஊற்று நீரில் மட்டும் இயற்கையாக வளர்கிற நீலப்பச்சைப் பாசி. அதிலிருந்து வரும் சாக்ரான் என்ற பாலிசாக்கரைடை இஷிகாவாவில் உள்ள ஜைஸ்ட் ஆய்வகத்தில் மைகோ ஒக்காஜிமா, தட்சுவோ கனெகோ குழுவினர் பிரித்து 2008இல் விவரித்தார்கள். மூலக்கூறு எடை 1 கோடியே 60 லட்சம். ஒரே சங்கிலி 8 மைக்ரோமீட்டரைத் தாண்டும், ஒரு பாக்டீரியாவின் உடம்பை விட நீளம். 100 சர்க்கரை அலகுக்குச் சுமார் 22 கார்பாக்சில், 11 சல்பேட். அதனால்தான் இண்டியம், நியோடிமியம் மாதிரி மூன்று மின்னூட்ட அயனியின் கரைசலில் சொட்டவிட்டதும் அது மணியாக நிற்கிறது.

நோஸ்டாக் கம்யூன் அது இல்லை. இதன் கோந்தில் குளுக்கோஸ், காலக்டோஸ், சைலோஸ் பெரும்பங்கு. அமிலத் தொகுதி குறைவு. குளுக்குரோனிக் அமிலத்தில் ஒரு லாக்டிக் அமிலம் ஒட்டிய நோஸ்டுரோனிக் அமிலம் என்ற விசேஷச் சர்க்கரை இதில் உண்டு, உலோகம் பிடிக்க அந்தக் கை நல்ல கை. ஆனால் சாக்ரான் தாளில் படித்த எண்ணை அப்படியே நோஸ்டாக்குக்கு வைத்தால் தப்பாகும். கால்சியத்தில் மணி வராமல் கொஞ்சம் தடித்துப்போவதோடு நிற்கலாம். அதுவும் ஒரு முடிவுதான், எழுதுங்க.

நோஸ்டாக்குக்கு நான் சொல்லும் வரிசை:

முதலில் மண். நம்ம பக்கத்துச் செம்மண் முழுக்க இரும்பும் அலுமினியமும். நோஸ்டாக்கின் உறை அதை ஊறுகாய் மாதிரி ஊறவைத்துப் பிடித்திருக்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெள்ளைத் தட்டில் பரப்பி, புல்வேரையும் மணலையும் இடுக்கியால் பொறுக்குங்க. தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை மாற்றுங்க, ஏழெட்டு முறை ஆகும். இந்தப் படியில் சலித்துப்போனால் பின்னால் எதுவும் சரிவராது.

பிறகு 95 சதவீத எத்தனாலில் ஒரு நாள், மாற்றி இன்னொரு நாள். பச்சை நிறம் இறங்கும். நீலமும் சாம்பலும் மிச்சம் இருக்கும், பரவாயில்லை.

எத்தனால் மிச்சமில்லாமல் கழுவி, காய்ந்த எடை 5 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர் கணக்கில் 85 முதல் 90 டிகிரியில் 3 மணி நேரம். வெறும் வெந்நீர் போதும். சூடான காரம் கோந்தோடு புரதத்தையும் சேர்த்து இழுத்து வரும், அந்தப் புரதமும் படிகாரத்தில் கட்டும். உங்க பழைய சாறு மிச்சமிருந்தால் பையூரெட் சோதனை செய்து பாருங்க, ஊதா வந்தால் ஆச்சரியம் இல்லை. குழாய்த் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும். பேட்டரி ஆசிட் வேறு, போத்தலில் எழுதியதைப் படித்து வாங்குங்க.

வடிகட்டும்போதுதான் எல்லாரும் தோற்பார்கள். ஃபில்டர் தாளில் ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். சூடு ஆறுவதற்குள் முதலில் கொசுவலைத் துணி, பிறகு மஸ்லின் இரண்டு மடிப்பு. வடிந்ததைக் குளிர்பெட்டியில் இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து எடுங்க. அடியில் நிற்பதை ஆசைப்பட்டு எடுக்காதீங்க, அது களிமண்.

அதற்குப் பிறகு பிடித்து வைத்திருக்கும் உலோகத்தைக் கழற்றணும். டைசோடியம் இ.டி.டி.ஏ. 100 மி.லி. சாற்றுக்கு 0.7 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 8. ஒரு மணி நேரம் கலக்கி, சோடியம் குளோரைடு 0.5 கிராம் போட்டு, இரண்டு மடங்கு, அதாவது 200 மி.லி., ஐசோபுரோபனாலை மெல்லிய தாரையாக ஊற்றிக் கண்ணாடிக் குச்சியால் சுற்றுங்க. நல்ல கோந்து என்றால் பஞ்சு மிட்டாய் மாதிரி நூல் நூலாகக் குச்சியில் சுற்றும். பொடியாக அடியில் இறங்கினால் இரண்டில் ஒன்று: உப்பு இறங்கியிருக்கிறது, அல்லது அதிகம் காய்ச்சிச் சங்கிலி உடைந்திருக்கிறது. உப்பைப் போடாவிட்டால் மின்னூட்டம் உள்ள கோந்து ஆல்கஹாலில் இறங்காமல் பால் மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். அப்படி ஆனால் பதறாமல் ஒரு சிட்டிகை உப்பு போடுங்க, கண்முன்னே திரளும்.

நூலை 80 சதவீத ஐசோபுரோபனாலில் மூன்று முறை அலசுங்க. இ.டி.டி.ஏ. துளி மிச்சம் இருந்தாலும் அது உங்க அலுமினியத்தைத் திருடும், அப்புறம் "ஏன் கட்டவில்லை" என்று இங்கேயே வந்து கேட்பீங்க. இந்த வேலையெல்லாம் பன்சன் அடுப்பு எரியாத மேசையில்.


தாப்பா_மாணவன் எழுதியது:

அக்கா, நோஸ்டாக் கிடைக்காத ஊரில் ஸ்பைருலினா மாவு வாங்கி இதையே செய்யலாமா? இல்லை, சீனப் புத்தாண்டுக்கு விற்கும் ஃபாட் சோய்? அதுவும் நோஸ்டாக் என்று படித்தேன். உலோகத்துக்கு எங்கள் லேபில் சீரியம் அம்மோனியம் நைட்ரேட்டும் குரோம் படிகாரமும் இருக்கிறது.


நுண்பாசி எழுதியது:

தம்பி, ஸ்பைருலினா மாவில் பாதிக்கு மேல் புரதம். வெந்நீர் ஊற்றியதும் நீல நிறம் இறங்குமே, அந்த ஃபைக்கோசயனினும் புரதம். படிகாரத்தில் அது திரண்டு நீலக் கட்டியாக வரும், ஜெல் என்று நம்பிவிடுவாய். அதில் சல்பேட் உள்ள பாலிசாக்கரைடு இருப்பது உண்மை. கால்சியம் ஸ்பைருலான் என்று 1996இல் பிரித்தார்கள், பெயரிலேயே கால்சியத்தைச் சுமந்துகொண்டு வருகிற பொருள். ஆனால் புரதத்தை விலக்கி அதை எடுப்பது பள்ளி லேப் வேலை இல்லை.

ஃபாட் சோய் நோஸ்டாக் ஃபிளாஜெல்லிஃபார்மே. அதைப் பறிப்பதால் வறண்ட நிலத்து மண் அரித்துப்போகிறது என்று சீன அரசு 2000இலேயே பறிக்கவும் விற்கவும் தடை போட்டது. கடையில் வருவதில் மாவுச்சத்தால் செய்த போலியும் கலந்திருக்கும். இரண்டு இழையை வெந்நீரில் ஊறவைத்து அயோடின் ஒரு சொட்டு விடு, கருநீலம் வந்தால் அது ஸ்டார்ச். உண்மையானதாக இருந்தாலும் தடை போட்ட பாசியைச் சோதனைக்கு வாங்க வேண்டாம் என்பேன். திடலில் எடுக்கும் நோஸ்டாக்கை யாரும் வாயில் வைக்கவும் கூடாது, நச்சு தயாரிக்கும் வகைகள் அந்தக் குடும்பத்தில் உண்டு.


ஈப்போ_கரைசல் எழுதியது:

தம்பி, அந்தச் சீரியம் உப்பை எடுக்காதே. அதில் சீரியம் நாலு மின்னூட்டத்தில் இருக்கிறது, பலமான ஆக்சிஜனேற்றி. ஜெல் கட்டுவதற்குப் பதில் சர்க்கரைச் சங்கிலியை வெட்டிவிடும். குரோம் படிகாரம் வேறு மாதிரி ஏமாற்றும்: குரோமியம் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை விட்டுக்கொடுக்க ரொம்ப நேரம் எடுக்கும், அதற்குள் உன் சொட்டு கரைந்து பரவிவிடும். பொட்டாஷ் படிகாரத்திலேயே தொடங்கு. பலசரக்குக் கடைப் படிகாரம் என்றால் அம்மோனியம் படிகாரமாகவும் இருக்கலாம். கொஞ்சம் எடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சூடாக்கினால் அமோனியா வாடை காட்டிக்கொடுக்கும். ஜெல்லுக்கு இரண்டும் ஒன்றுதான், எடைக் கணக்கு மட்டும் மாறும்.


சிப்புட்_லேப் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பழைய கட்டிகளை வினிகரில் போட்டுப் பார்த்துவிட்டோம். படிகாரக் கிண்ணத்து வெள்ளை மாவு தெளிந்தது, கொஞ்சம் நார் மாதிரி மட்டும் மிச்சம். கால்சியம் கலங்கல் நுரைத்தது. பையூரெட் ஊதா. மாணவர்கள் பழைய முடிவைத் தாங்களே அடித்துவிட்டார்கள்.

நுண்பாசி சொன்ன வரிசையில் வெந்நீரில் எடுத்த கோந்து 0.6 கிராம் கிடைத்தது, நூல் நூலாக. அதை 0.5 சதவீதமாகக் கரைத்து, பி.எச். 6.8இல், ஐந்து கிண்ணத்திலும் சொட்டவிட்டோம். அமிலக் கிண்ணத்திலும் உப்புக் கிண்ணத்திலும் சொட்டு பரவிக் கரைந்தது. ஆல்ஜினேட் மணி சரியாக வந்தது. படிகாரத்தில் இந்த முறை வெள்ளை இல்லை, கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் மணியாக இல்லாமல் மீன் செதில் போலத் தட்டையாக, மேலேயே ஒட்டிக்கொண்டு மிதக்கிறது. கரைக்கும்போதும் சிரமம்: பிசின் உருண்டைகள், உள்ளே காய்ந்தபடி, இரவு முழுக்கக் கலக்கியும் முழுதாகப் போகவில்லை.

இரண்டு கேள்வி. தட்டையை மணி ஆக்குவது எப்படி? கிண்ணத்தில் இருக்கும் அலுமினியம் போதுமா, அதிகமா என்று எப்படிக் கணக்கிடுவது?


ஈப்போ_கரைசல் எழுதியது:

தெளிவாக இருக்கிறது என்று எழுதினீங்களே, அதைப் படித்ததும் மனசு நிறைந்தது. அதுதான் அறிகுறி.

முதலில் கரைப்பது. காய்ந்த கோந்து 0.5 கிராமைப் பீக்கரில் போட்டு, ஐசோபுரோபனால் 2 மி.லி. விட்டு ஈரமணல் மாதிரி ஆக்குங்க. அதன் மேல் தண்ணீர் முழுவதையும் ஒரே ஊற்றாக ஊற்றிக் கலக்குங்க. ஒவ்வொரு துகளும் தனித்தனியே நனையும், உருண்டை கட்டாது. கேசரிக்கு ரவையை நெய்யில் புரட்டுவது எதற்கோ, அதற்குத்தான் இது.

தட்டையானதற்குக் காரணம் சொட்டு நீர்ப்பரப்பில் மோதும் அந்தக் கணம். சாறு நீர்த்திருந்தால் மோதியதும் பரந்துவிடும், பரந்த உருவத்திலேயே தோல் கட்டிவிடும். 0.5ஐ 1 சதவீதம் ஆக்குங்க. கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றத் தோன்றும், வேண்டாம், அதில் உள்ள எதிர்மின்னூட்டச் சோப்பு அலுமினியத்தோடு சேர்ந்து கலங்கும். அதற்குப் பதில் கிண்ணத்துக் கரைசலில் பத்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து சொட்டு உள்ளே இறங்கும். அதற்கு மேல் போனால் ஆல்கஹாலே கோந்தை இறக்கத் தொடங்கும். கலந்தீங்கன்னா மற்ற கிண்ணங்களிலும் அதே அளவு கலக்கணும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. உயரம் 5 செ.மீ.யில் தொடங்கி 10 வரை ஏற்றிப் பாருங்க. சாறு தடித்துவிட்டால் மணிக்கு வால் வரும், அப்போது உயரத்தைக் கூட்டணும். காந்தக் கலக்கியை மெதுவாகச் சுழலவிடுங்க, மணி ஒன்றோடொன்று ஒட்டாது. அரை மணி நேரம் ஊறட்டும், ஒன்றை பிளேடால் பாதியாக வெட்டிப் பாருங்க. நடுவில் சளி இருந்தால் இன்னும் அரை மணி.

அலுமினியக் கணக்கு. சாக்ரானை வைத்து மேல் எல்லை போடலாம், ஏனென்றால் நோஸ்டாக்கில் அமிலத் தொகுதி அதை விடக் குறைவு. 0.5 சதவீதக் கரைசல் 100 மி.லி.யில் கோந்து 0.5 கிராம். ஒரு சர்க்கரை அலகு தோராயமாக 180 கிராம் என்று வைத்தால் 2.8 மில்லிமோல் அலகு. அதில் 22 சதவீதம் கார்பாக்சில் என்றால் 0.6 மில்லிமோல். மூன்று கார்பாக்சிலுக்கு ஓர் அலுமினியம் என்றால் 0.2 மில்லிமோல் போதும். உங்க கிண்ணத்தில் 100 மி.லி.க்கு 5 மில்லிமோல் இருக்கிறது. நீங்க சொட்டவிடுவது 10 மி.லி. சாறுதான். ஆக 250 மடங்கு கூடுதல். சொட்டவிடும் முறைக்கு இது பிரச்சினையே இல்லை, அயனி வெளியிலிருந்து உள்ளே போகணும், கூட்டம் இருந்தால்தான் தள்ளும்.

ஆனால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து ஒரு பலகை மாதிரி ஜெல் செய்ய நினைத்தால் இந்த அளவு கெடுதல். அலுமினியம் விழுந்த இடத்திலேயே சங்கிலியை இறுக்கி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளி, கட்டியும் தண்ணீருமாகப் பிரிந்துவிடும். சீரான ஜெல்லுக்கு அயனி மெதுவாக, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வெளிவரணும். ஆல்ஜினேட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வழி இருக்கிறது: கால்சியம் கார்பனேட் 1 பங்கு, குளுக்கோனோ டெல்டா லாக்டோன் 3.6 பங்கு எடைக்கு. தௌஃபூ ஃபா (சோயாப்பால் இனிப்பு) கட்டப் போடுகிறார்களே, அதே பொடிதான், பேக்கரிச் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். அது தண்ணீரில் மெல்ல அமிலமாக மாறும், கார்பனேட் மெல்லக் கரையும், கால்சியம் மெல்ல வரும். பொடியைப் போட்டதும் கலக்கி அச்சில் ஊற்றிவிடணும், அப்புறம் தொடக்கூடாது.

ஃபெரிக்கில் திரும்பச் செய்தால் ஒன்று கவனியுங்க. மணிகளை ஜன்னல் ஓரம் வெயிலில் வைக்காதீங்க. கார்பாக்சிலோடு பிணைந்த ஃபெரிக் இரும்பு வெளிச்சத்தில் ஃபெரஸ் ஆகிவிடும். இரண்டு மின்னூட்ட இரும்புக்குப் பிடி தளர்வு, அதோடு அந்த இடத்தில் சங்கிலியும் உடையும். காலையில் கெட்டியாக இருந்த மணி மாலையில் இளகிக் கிடந்தால் யாரும் தொட்டதாக நினைக்க வேண்டாம்.

முடிந்தபின் படிகாரக் கிண்ணத்தைச் சமையல் சோடாவால் பி.எச். 6.5க்கு ஏற்றினால் அலுமினியம் வெள்ளைச் சகதியாக இறங்கும். தெளிந்த நீரைச் சாக்கடையில் விடலாம், சகதியைக் காயவைத்துக் குப்பையில். ஐசோபுரோபனாலைத் தனிப் போத்தலில் மூடி வையுங்க, அடுத்த முறை முதல் அலசலுக்கு ஆகும்.


சிப்புட்_லேப் எழுதியது:

1 சதவீதம், 8 செ.மீ. உயரம், எத்தனால் பத்தில் ஒன்று. மணி வருகிறது, 4 மி.மீ. அகலம், வால் இல்லை. பத்து மணி சிட்ரேட்டில், பத்து வினிகரில், பத்து சமையல் சோடாவில், பத்து வெறும் தண்ணீரில் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவுகோல் வைத்துப் படம் எடுக்கிறார்கள். சிட்ரேட் மணிகளின் ஓரம் இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது. ஃபெரிக் குப்பியை மணிலா காகிதத்தில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாயிற்று, ஒன்றை மட்டும் வேண்டுமென்றே ஜன்னலில்.